வீட்டில் யாருக்கு எந்தக் காப்பீடு?

ரேஷன் கார்டில் ஐந்து பெயர் இருந்தால் அது ஒரு குடும்பம். மருத்துவக் காப்பீட்டில் அந்த ஐந்து பேரும் ஐந்து இடங்களில் சிதறிக் கிடக்கலாம். உதாரணத்துக்குத் திருப்பூரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். மாதம் 14,000 ரூபாய் சம்பளம், இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. கணவர் சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகனுக்குச் சென்னையில் ஐ.டி. வேலை, கம்பெனி அவனுக்கு மூன்று லட்சத்துக்கு குரூப் பாலிசி எடுத்துக் கொடுத்திருக்கிறது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். கணவரின் அம்மாவுக்கு 72 வயது.

"உங்க வீட்ல இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டால், "பையனுக்குக் கம்பெனியில போட்டிருக்காங்க" என்ற பதில்தான் முதலில் வரும். உண்மையில் இந்த வீட்டின் கனமான காப்பீடு மனைவியின் இ.எஸ்.ஐ. கணவர், திருமணமாகாத மகள் இருவரும் அதன் கீழ் வருகிறார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பெண் தொழிலாளியின் மாமனார் மாமியாரையும் குடும்பத்தில் சேர்த்துவிட்டது. வருமான வரம்புக்குள் இருந்தால் 72 வயது மாமியாருக்கும் வழி பிறந்திருக்கிறது. அதாவது நான்கு பேரின் வைத்தியச் செலவு அந்த 14,000 ரூபாய் வேலையில் தொங்குகிறது. "சம்பளம் பத்தவில்லை, வேலையை விட்டுவிடலாம்" என்று அந்த வீட்டில் பேச்சு எழும்போது இந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதுதான்: காப்பீட்டைக் குடும்பமாகப் பார்க்காதீர்கள், ஆளுக்கு ஆள் பாருங்கள். நம் நாட்டில் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் ஒரு திட்டம் கிடையாது. வேலை, வருமானம், வயது, வாங்கும் சக்தி என்று நான்கு வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் எந்த வாசல் வழியாக உள்ளே இருக்கிறார், அந்த வாசல் எப்போது மூடும் என்பது தெரிந்தால்தான் மேற்கொண்டு பணம் கட்டி எதையாவது வாங்க வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும்.

நாட்டுக் கணக்கு

நிதி ஆயோக் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, மக்கள் தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேர், சுமார் 70 கோடி, அரசே பிரீமியம் கட்டும் திட்டங்களில் வருகிறார்கள். இன்னொரு 20 விழுக்காட்டினர், 25 கோடி பேர், இ.எஸ்.ஐ. போன்ற சமூகக் காப்பீட்டிலும் சொந்தமாக வாங்கிய பாலிசிகளிலும் இருக்கிறார்கள். மீதி 30 விழுக்காட்டினருக்கு, குறைந்தது 40 கோடி பேருக்கு, எதுவுமே இல்லை.

இந்த 40 கோடியை நிரம்ப ஏழைகள் என்று நினைத்துவிட வேண்டாம். ஏழைகளுக்கு அரசுத் திட்டம் இருக்கிறது. பெரிய கம்பெனி ஊழியர்களுக்குக் கம்பெனி இருக்கிறது. நடுவில் நிற்பவர்கள்தான் விடுபடுகிறார்கள். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஆலைத் தொழிலாளி இ.எஸ்.ஐ.யில் இருப்பார். அதே 15,000 சம்பாதிக்கும் தையல்கடைக்காரர் இ.எஸ்.ஐ.க்குள் வரமாட்டார், ஏனென்றால் அவருக்கு முதலாளி இல்லை. தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குள்ளும் வரமாட்டார், ஏனென்றால் அங்கே குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், மாதக் கணக்கில் 10,000. வருமானம் ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். சம்பளச் சீட்டு இருக்கிறதா இல்லையா என்பதே வித்தியாசம். நீங்கள் மளிகைக்கடை, சலூன், பெட்டிக்கடை, சொந்த வண்டி என்று தொழில் செய்பவராக இருந்தால் தனியார் பாலிசி பற்றிய பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

காப்பீட்டுக்குள் இருப்பவர்களும் கையை விட்டுச் செலவழிக்காமல் இல்லை. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுப்பது 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22இல் 39.4 ஆகக் குறைந்தது. நல்ல சரிவுதான். ஆனாலும் நூற்றில் நாற்பது ரூபாய். காரணம் எளிது: நம் காப்பீடுகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பேசும். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, மாதாந்திர ரத்தப் பரிசோதனை எல்லாம் வெளிநோயாளி கணக்கு. அங்கே நமக்குத் துணை அரசு ஆஸ்பத்திரியும் ஆரம்ப சுகாதார நிலையமும்தான். வரிப்பணத்தில் நடக்கும் இந்த ஆஸ்பத்திரிகளைக் காப்பீட்டுப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. நான் முதலில் சேர்ப்பேன். எந்த அட்டையும் இல்லாதவருக்கும் கதவு திறந்திருக்கும் ஒரே இடம் அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. உங்கள் தெருவுக்கு வரும் பணியாளரிடம் பெரியவர்கள் பெயரைப் பதிவு செய்து வையுங்கள்.

இ.எஸ்.ஐ.: வெளிநோயாளியையும் பார்க்கும் காப்பீடு

1948இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய சமூகக் காப்பீடு. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலை, கடை, ஓட்டல், பள்ளி போன்ற இடங்களில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவர்கள் இதில் வருகிறார்கள். இந்த வரம்பு 2017 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. மாற்றுத் திறனாளிகளுக்கு 25,000. 2019 ஜூலை முதல் தொழிலாளியிடம் 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 விழுக்காடு போடுகிறார். நம் திருப்பூர்ப் பெண்மணியின் சம்பளத்தில் பிடிப்பது மாதம் 105 ரூபாய்.

அந்த 105 ரூபாய்க்குக் கிடைப்பதைத் தனியார் சந்தையில் எந்த விலைக்கும் வாங்க முடியாது. டிஸ்பென்சரியில் காய்ச்சல் மாத்திரையிலிருந்து அறுவை சிகிச்சை வரை உச்சவரம்பு இல்லை. ஏற்கெனவே இருக்கும் நோய் என்று தள்ளுவதில்லை. வயதைப் பார்த்துக் கட்டணம் ஏற்றுவதில்லை. உடம்பு முடியாமல் லீவில் இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு தருகிறார்கள். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். தனியார் மருத்துவப் பாலிசி ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும். உலை வைப்பதற்குக் கொடுக்காது.

குறை இல்லாமல் இல்லை. டிஸ்பென்சரியில் காத்திருக்க வேண்டும், சில ஊர்களில் மருத்துவர் பற்றாக்குறை, பெரிய சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்க நடக்க வேண்டும். இதைக் கண்டு அலுத்துத்தான் பலர் கார்டை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். என் யோசனை: சளி காய்ச்சலுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, குடும்பத்தினர் பெயரும் ஆதாரும் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் இன்றே பார்த்துவிடுங்கள். டயாலிசிஸ், புற்றுநோய் என்று நீளும் சிகிச்சையில் இந்தக் கார்டின் மதிப்பு தெரியும். கார்டில் பெயர் இல்லாத மாமியாரை அவசரத்தில் சேர்ப்பது பெரிய அலைச்சல்.

இரண்டு தேதிக் கணக்குகளை மனத்தில் வையுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பிடித்தத்துக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஆகவே வேலையை விட்ட அன்றே கார்டு செத்துவிடாது. கட்டிய காலத்துக்கு உரிய பலன் காலம் முடியும்வரை ஓடும். சம்பள உயர்வில் 21,000ஐத் தாண்டினாலும் அந்த ஆறு மாதக் கட்டணக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும், அதற்குரிய பலன் காலம் முடியும்வரை உரிமையும் தொடரும். அதன் பிறகு வெளியே. 20,800 வாங்கும்போது முழுக் குடும்பத்துக்கும் வைத்தியம் இருந்தது, 21,500 ஆனதும் ஒன்றுமில்லை என்ற நிலை உண்மையாகவே வருகிறது. இன்கிரிமென்ட் கடிதம் கையில் வந்த மாதமே தனியார் பாலிசி விசாரிக்கத் தொடங்குங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெறுபவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் அவர் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும். மாதத்துக்குப் பத்து ரூபாய். இதைக் கேட்டு வாங்க வேண்டும். யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

முதலமைச்சர் திட்டமும் ஐந்து லட்சமும்

தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது இது. 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் பிரதமர் தொடங்கிவைத்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் நம் மாநிலத்தில் இதனுடன் சேர்ந்து ஓடுகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2022இல் 1,20,000 ஆக உயர்ந்தது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு அந்த வருமான வரம்பும் இல்லை.

கார்டு எடுக்க வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். கட்டணம் இல்லை. "நான் எடுத்துத் தருகிறேன், ஐந்நூறு கொடுங்க" என்று வாசலில் நிற்பவரைத் தாண்டி உள்ளே போங்கள். குடும்ப அட்டையில் பெயர் இருப்பவர்கள்தான் இந்தத் திட்டத்தில் குடும்பம். புதிதாக வந்த மருமகள் பெயர் இன்னும் அவள் அம்மா வீட்டு அட்டையில் இருந்தால், காப்பீட்டிலும் அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். கல்யாணச் சான்றிதழ் வாங்கிய கையோடு ரேஷன் கார்டையும் மாற்றுவது இதற்காகவும்தான்.

இந்தத் திட்டம் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகையை ஆஸ்பத்திரிக்குத் தருகிறது. பட்டியலில் இருக்கும் சிகிச்சை, பட்டியலில் இருக்கும் ஆஸ்பத்திரி, இரண்டும் பொருந்த வேண்டும். ஒரு ஆஸ்பத்திரிக்கு இதயத்துக்கு அனுமதி இருக்கும், மூட்டுக்கு இருக்காது. எனவே "இங்கே காப்பீடு எடுப்பீங்களா?" என்று கேட்டால் போதாது. "இந்த ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் இங்கே அனுமதி இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் திட்டத்துக்கென வார்டு மேனேஜர் இருப்பார்; 1800 425 3993 என்ற இலவச எண்ணும் உண்டு. அனுமதியான சிகிச்சைக்கு மேற்கொண்டு பணம் கேட்டால் அதே எண்ணில் சொல்லுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் கார்டைக் காட்டுங்கள். "இலவச வைத்தியத்துக்கு எதற்குக் கார்டு?" என்று கேட்பார்கள். காப்பீட்டுப் பணம் அந்த அரசு ஆஸ்பத்திரிக்கே போகிறது. கருவி வாங்கவும் பொருத்துபொருள் வாங்கவும் அது உதவுகிறது.

70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஐந்து லட்சம் தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று அறிமுகப்படுத்தியது. இ.எஸ்.ஐ.யிலோ தனியார் பாலிசியிலோ இருப்பவரும் இதைப் பெறத் தகுதி உண்டு. மத்திய அரசு ஊழியர் திட்டம், முன்னாள் ராணுவத்தினர் திட்டம் போன்றவற்றில் இருப்பவர்கள் மட்டும் இதுவா அதுவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆதாரில் பிறந்த தேதி சரியாக இருப்பது இங்கே முக்கியம். வெறும் ஆண்டு மட்டும் பதிவாகியிருக்கும் ஆதார்கள் நம் பாட்டிமார்களிடம் நிறைய. அருகில் எந்த ஆஸ்பத்திரி இந்த அட்டையை ஏற்கிறது என்பதைக் கலெக்டர் அலுவலக மையத்தில் கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

சாலை விபத்துக்கு இந்தக் கேள்விகள் எதுவும் இல்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாராக இருந்தாலும், கார்டு இல்லாவிட்டாலும், வெளி மாநிலத்தவர் என்றாலும், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 'இன்னுயிர் காப்போம்' திட்டம் பார்த்துக்கொள்கிறது.

மாநில அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்களுக்குச் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் பிடித்து நடத்தும் தனித் திட்டங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு அலுவலகச் சுற்றறிக்கையே போதுமான வழிகாட்டி.

தனியார் பாலிசி: படிக்க வேண்டிய வரிகள்

தனியார் என்கிறோமே தவிர விற்பவர் அரசு நிறுவனமாகவும் இருக்கலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா, அரசுக்குச் சொந்தமானது. முதலமைச்சர் திட்டத்தை நடத்தியதும் அதுதான், கடைத்தெருவில் பாலிசி விற்பதும் அதுதான். 1986இல் அரசுக் கம்பெனிகள் மெடிகிளைம் என்ற பெயரில் தொடங்கிவைத்த வியாபாரம் இது. இன்றும் கிராமத்துப் பெரியவர்கள் எந்தக் கம்பெனிப் பாலிசியையும் மெடிகிளைம் என்றுதான் சொல்கிறார்கள்.

வாங்கப் போகும்போது ஏஜென்ட் தொகையைப் பற்றித்தான் பேசுவார். பத்து லட்சம், இருபது லட்சம். நீங்கள் முதலில் ரூம் வாடகை வரியைக் கேளுங்கள். இதுதான் நம் மக்களை அதிகம் ஏமாற்றும் வரி, அதனால் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

மூன்று லட்சம் பாலிசி என்று வைத்துக்கொள்வோம். ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில் ஒரு விழுக்காடு என்று போட்டிருக்கிறது. அப்படியானால் நாளைக்கு 3,000 ரூபாய். ஆஸ்பத்திரி வரவேற்பில், "இன்சூரன்ஸ் இருக்குங்களா? அப்ப டீலக்ஸ் ரூம் போட்டுடலாங்களா?" என்று கேட்கிறார்கள். அது 6,000. "மூவாயிரம்தானே வித்தியாசம், அஞ்சு நாளைக்குப் பதினஞ்சாயிரம், கையிலிருந்து கட்டிக்கலாம்" என்று தலையாட்டிவிடுகிறோம். ஐந்தாம் நாள் பில் வருகிறது. ரூம் 30,000. டாக்டர், மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸ் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,20,000. மருந்து, பரிசோதனை, உடலில் வைத்த பொருத்துபொருள் 80,000. மொத்தம் 2,30,000. பாலிசி மூன்று லட்சம் என்பதால் முழுதும் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

வராது. தகுதியை விட இரு மடங்கு வாடகை அறையில் தங்கியதால், ரூம் வாடகையோடு அந்த 1,20,000 ரூபாய்க் கட்டணமும் பாதியாக வெட்டப்படும். ரூமுக்கு 15,000, டாக்டர் வகைக்கு 60,000, மருந்து பரிசோதனை வகைக்கு முழு 80,000. கம்பெனி தருவது 1,55,000. உங்கள் கையிலிருந்து 75,000. அறைக்கட்டணத்தில் உண்மையான கூடுதல் பதினைந்தாயிரம்தான். மீதி அறுபதாயிரம் அந்த அறையில் படுத்ததற்காக விழுந்த வெட்டு. பல ஆஸ்பத்திரிகளில் டாக்டர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் அறையின் தரத்தைப் பொறுத்தே ஏறும் என்பதால் காப்பீட்டுக் கம்பெனிகள் இப்படிச் செய்கின்றன. மருந்து, பரிசோதனை, பொருத்துபொருள் ஆகியவற்றில் இந்த வெட்டைப் போடக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. பில்லில் போட்டிருந்தால் எதிர்த்துக் கேளுங்கள்.

எனவே ரூம் வாடகை வரம்பு இல்லாத பாலிசியாகப் பாருங்கள், அல்லது தனி அறை என்று வகையைச் சொல்லும் பாலிசியாகப் பாருங்கள். ஏற்கெனவே வரம்புள்ள பாலிசிதான் கையில் இருக்கிறதென்றால் அந்தத் தொகையைப் பாலிசி அட்டையின் பின்புறத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். சேர்க்கும் பரபரப்பில் பாலிசி புத்தகத்தைப் புரட்ட யாராலும் முடியாது. எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரியான விதிகளுடன் விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் வாடகை இரண்டு விழுக்காடு, அதுவும் நாளைக்கு 5,000க்குள். எந்த பில்லானாலும் ஐந்து விழுக்காட்டை நாம் கொடுக்க வேண்டும். பிரீமியம் மலிவு, விதிகளில் ஒளிவு மறைவு இல்லை. முதல் பாலிசி எடுக்கும் சிறு வியாபாரிக்கு மோசமில்லாத தேர்வு.

அடுத்தது காத்திருப்புக் காலம். பாலிசி எடுத்த முதல் 30 நாளில் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் வராது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலுக்கு முன் இது 48 மாதமாக இருந்தது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் தனியாக இரண்டு ஆண்டு காத்திருப்பு உண்டு. இங்கேதான் ஏஜென்ட் குரலைத் தாழ்த்துவார். "சுகர் இருக்குன்னு எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறிடும். நான் பாத்துக்கறேன்." அவர் பார்த்துக்கொள்ள மாட்டார். மூன்றாம் ஆண்டு மாரடைப்பில் சேரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் "பத்து ஆண்டாகச் சர்க்கரை நோய்" என்று ஒரு வரி இருக்கும். கிளைமும் போகும், பாலிசியும் ரத்தாகும். தொடர்ந்து 60 மாதம் கட்டிய பாலிசியில் இப்படிச் சொல்லி மறுக்க முடியாது என்ற பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அதுவும் நிற்காது. விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த முப்பது நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதைப் படிக்க ஒதுக்குங்கள்.

பிரீமியத்தில் ஒரு நல்ல செய்தி: தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. 60 வயது தாண்டியவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றுவதென்றால் முதலில் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாடும் வந்திருக்கிறது. வருமான வரியில் 80டி விலக்கு பழைய முறையில் கணக்குக் கொடுப்பவர்களுக்குத்தான். அதைக் காட்டி யாராவது விற்றால் நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரே குடும்பப் பாலிசியில் போடலாமா? நான் வேண்டாம் என்பேன். குடும்பப் பாலிசியின் பிரீமியம் அதில் மூத்தவரின் வயதைப் பார்த்தே ஏறும். 70 வயது அப்பாவைச் சேர்த்தால் 30 வயது மகனுக்கும் சேர்த்து 70 வயது விலை. தொகையும் எல்லாருக்கும் பொது. அப்பாவின் ஒரு பைபாஸில் அந்த ஆண்டின் தொகை தீர்ந்துவிடும். பெரியவர்களுக்குத் தனியாகவும், கணவன் மனைவி பிள்ளைகளுக்குச் சேர்த்தும் எடுப்பது நல்லது. அதிகத் தொகை வேண்டுமென்றால் அடிப்படைப் பாலிசி ஐந்து லட்சத்துக்கும், அதன் மேல் சூப்பர் டாப்-அப் ஒன்றும் எடுங்கள். வெறும் டாப்-அப் ஒவ்வொரு முறை படுக்கும்போதும் ஐந்து லட்சத்தைத் தாண்டினதா என்று பார்க்கும். சூப்பர் டாப்-அப் ஆண்டு முழுக்கச் சேர்த்துப் பார்க்கும். மூன்று லட்சம் மூன்று லட்சமாக இரண்டு முறை சேர்ந்தால் இந்த ஒரு சொல்தான் ஒரு லட்சம் ரூபாய் வித்தியாசம்.

வாசல் மூடும் நாட்கள்

கம்பெனி குரூப் பாலிசி அருமையானது. முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் பணம் வரும், பிரசவத்துக்கும் பெரும்பாலும் வரும். ஆனால் அது கம்பெனியின் சொத்து, உங்களுடையதில்லை. கடைசி வேலை நாளோடு போய்விடும். நம் திருப்பூர் மகன் முப்பது வயதில் வேலை மாறும் இடைவெளியில் இரண்டு மாதம் சும்மா இருந்தால் அந்த இரண்டு மாதம் அவனுக்கு எதுவும் இல்லை. ஐம்பத்தெட்டில் ஓய்வு பெறுபவருக்கு நிலைமை இன்னும் கடினம்: சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட் எல்லாம் சேர்ந்த வயதில் புதுப் பாலிசிக்கு விண்ணப்பிக்கிறார், காத்திருப்புக் காலம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, கம்பெனி பாலிசி இருக்கும்போதே சிறு தொகைக்குச் சொந்தப் பாலிசி ஒன்றை எடுத்துக் காத்திருப்புக் காலத்தை ஓடவிடுவது. மற்றொன்று, வேலையை விடும் முன்பே அதே காப்பீட்டுக் கம்பெனியிடம் குரூப்பிலிருந்து தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்பது. குரூப்பில் கழித்த ஆண்டுகளைக் காத்திருப்பில் கழித்துக்கொள்வார்கள். சொந்தப் பாலிசியை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதென்றால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பம் போக வேண்டும். புதுப்பிக்க மறந்தால் 30 நாள் கூடுதல் அவகாசம் உண்டு, மாதத் தவணைக்கு 15 நாள். அதைத் தாண்டினால் கட்டிய ஆண்டுகள் எல்லாம் தண்ணீரில் போட்டதுதான்.

மகளுக்குக் கல்யாணமானால் அம்மாவின் இ.எஸ்.ஐ.யிலிருந்து அவள் விலகிவிடுகிறாள். மகன் வேலைக்குப் போனதும் அப்படியே. ஒரு தாளை எடுத்துக் குடும்ப அட்டையில் உள்ள பெயர்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரே எந்தத் திட்டம், எந்த எண், யாருடைய வேலையால் வந்தது, எந்தத் தேதியில் போகும் என்று நிரப்புங்கள். காலியாக இருக்கும் கட்டம்தான் நீங்கள் பணம் செலவழிக்க வேண்டிய இடம். இரண்டு மூன்று முறை நிரம்பியிருக்கும் கட்டத்துக்கு மேலும் ஒரு பாலிசி விற்க வருபவரை மோர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

கிளைம் மறுத்தால்

கேஷ்லெஸ் அனுமதிக்குக் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், வீட்டுக்கு அனுப்பும் நாளில் கடைசி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. மூன்று மணி நேரத்தைத் தாண்டிய தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்கும் கட்டணம் காப்பீட்டுக் கம்பெனியின் பொறுப்பு. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் அனுப்பிய நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுப்பு வந்தால் வாய்வார்த்தையில் ஏற்காதீர்கள். எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று கடிதம் அல்லது மெயில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதிவும் செய்யலாம். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் அடுத்த படி காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. கம்பெனி கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கக் கூடாது. பாலிசி நகல், மறுப்புக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள் இவற்றுடன் நீங்களோ உங்கள் வீட்டாரோ நேரில் பேசலாம். முதலமைச்சர் திட்டம் தொடர்பான புகார்கள் இங்கே வராது. அவற்றுக்குக் கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு இருக்கிறது, மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலேயே கொடுக்கலாம்.